சிறுத்த உலோகம் சீக்கிரம் உருகும்

தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளி 962இல், ஈயம் 327இல், வெள்ளீயம் 232இல். பள்ளி வேதியியலில் ஒரு தனிமத்தை அடையாளம் காண இந்த எண்களைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஒரு கிலோ தங்கக் கட்டியும் உருகுவது 1064இல்தான், மூக்குத்தியின் திருகாணியும் உருகுவது 1064இல்தான். கட்டிக்கு அதிக நேரம் பிடிக்கும், அதிக நெருப்பு வேண்டும். ஆனால் உருகும் வெப்பநிலை மாறாது. திருகாணியை ஆயிரம் துண்டாக நறுக்கினாலும் அப்படியே.

நறுக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இந்த விதி தளர்கிறது. 50 நானோமீட்டர் அகலமுள்ள தங்கத் துகள் 1064க்குச் சுமார் 20 டிகிரி கீழேயே உருகிவிடும். 5 நானோமீட்டருக்கு இறங்கினால் வித்தியாசம் 200 டிகிரியை ஒட்டி வருகிறது. 2 அல்லது 3 நானோமீட்டரில் அது 400 டிகிரியை நெருங்கும், தாண்டவும் செய்யும். அதே தங்கம், அதே அணுக்கள். கலப்படம் இல்லை, வேறு எதுவும் சேர்க்கப்படவில்லை. குறைந்தது அளவு மட்டுமே.

நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணால் பிடிக்க முடியாத இந்த நீளத்தை நகத்தை வைத்து உணரலாம். விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. வகுத்துப் பார்த்தால், நொடிக்கு ஒரு நானோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தப் பத்தியைத் தொடங்கி நீங்கள் இங்கே வந்து சேர்வதற்குள், நகம் நம் 5 நானோமீட்டர் துகளின் அகலத்தைக் கடந்து வளர்ந்துவிட்டது. ஒரு கிராம் தங்கத்தில் உள்ள அணுக்களை எண்ண 3 எழுதி 21 பூஜ்யம் போட வேண்டும். இந்தத் துகளில் இருப்பவை சுமார் 3,800 மட்டும்.

இந்த 3,800 அணுக்களில் எத்தனை வெளியே இருக்கின்றன, எத்தனை உள்ளே இருக்கின்றன என்பதுதான் முதல் துப்பு. திடத் தங்கத்தின் உட்புறத்தில் ஒவ்வோர் அணுவும் 12 அண்டை அணுக்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் பிடிமானம். பரப்பில் இருக்கும் அணுவுக்கு மேலே யாரும் இல்லை. அதற்கு 9 அல்லது 8 அண்டை அணுக்களே கிடைக்கும். விளிம்பில் 7, மூலையில் அதற்கும் குறைவு. பிடிமானம் குறைந்த அணு எளிதில் அசையும், எளிதில் இடம் மாறும்.

ஒரு மில்லிமீட்டர் தங்கக் குண்டில் இப்படிப்பட்ட பரப்பு அணுக்கள் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ இரண்டு. அவற்றின் தளர்வை மற்றவை பொருட்படுத்தத் தேவையில்லை. துகள் சிறுக்கச் சிறுக்கக் கணக்கு மாறுகிறது. சாம்பாருக்கு வெங்காயம் உரித்தவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான்: ஒரு கிலோ பல்லாரியில் சேரும் தோலைவிட ஒரு கிலோ சின்ன வெங்காயத்தில் சேரும் தோல் எவ்வளவோ அதிகம். 5 நானோமீட்டர் தங்கத் துகளில் அணுக்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு பரப்பில் இருக்கின்றன. 2 நானோமீட்டரில் அது 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அங்கே உட்புறம்தான் சிறுபான்மை.

1910இல் பிரெடரிக் லிண்டெமன் என்ற இயற்பியலாளர் உருகுதலுக்கு ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். திடப்பொருளில் ஒவ்வோர் அணுவும் தன் இடத்தில் நின்றபடியே அதிர்ந்துகொண்டிருக்கிறது. சூடு ஏறினால் அதிர்வு பெரிதாகும். அந்த அதிர்வின் வீச்சு, பக்கத்து அணுவுக்கு உள்ள தூரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை எட்டும்போது வரிசை குலைந்து பொருள் உருகுகிறது. தோராயமான விதி. ஆனாலும் பல பொருள்களுக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. பிடிமானம் குறைந்த பரப்பு அணுக்கள் அதே வெப்பநிலையில் உள்ளணுக்களைவிடப் பெரிதாக அதிர்கின்றன. எனவே அவை அந்த எல்லையை முன்னதாகவே தொட்டுவிடுகின்றன. பரப்பு அணுக்களே பெரும்பான்மையாக உள்ள துகளில், துகள் முழுவதுமே முன்னதாகத் தொட்டுவிடுகிறது.

இதையே ஆற்றல் கணக்காகவும் போடலாம். எந்தப் பொருளுக்கும் பரப்பு என்பது செலவு. புதிதாக ஒரு பரப்பை உண்டாக்கப் பிணைப்புகளை அறுக்க வேண்டும், அதற்கு ஆற்றல் கொடுக்க வேண்டும். இதற்குப் பரப்பு ஆற்றல் என்று பெயர். திடத் தங்கத்துக்கு இது சதுர மீட்டருக்குச் சுமார் 1.4 ஜூல். உருகிய தங்கத்துக்குச் சுமார் 1.1 ஜூல். திரவத்தின் அணுக்கள் நழுவி நகர்ந்து பரப்பைச் சீர்படுத்திக்கொள்ள முடியும் என்பதால் அங்கே செலவு குறைவு. அதாவது, உருகினால் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்புக்கும் சிறிதளவு ஆற்றல் மிச்சம்.

ஒரு கிராம் தங்கத்தை ஒரே கனசதுரமாக வைத்தால் அதன் மொத்தப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அந்த மிச்சத்தால் எந்தப் பயனும் இல்லை. அதே ஒரு கிராமை 5 நானோமீட்டர் துகள்களாக்கினால் மொத்தப் பரப்பு 62 சதுர மீட்டர். நம் வழக்கில் சொன்னால் சுமார் 670 சதுர அடி, ஒரு சிறிய அடுக்ககக் குடியிருப்பின் தரைப்பரப்பு. இப்போது மிச்சமாகும் ஆற்றல் ஏறத்தாழ 18 ஜூல். ஒரு கிராம் தங்கம் உருகுவதற்கே சுமார் 64 ஜூல்தான் தேவை. உருகும் செலவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பரப்பே கொடுத்துவிடுகிறது. உலை அவ்வளவு சூடாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் அழகான விதி பிறக்கிறது: துகளின் விட்டம் பாதியானால் உருகுநிலையின் சரிவு இரட்டிப்பாகும். இதை 1909இலேயே பாவ்லோவ் என்ற அறிவியலாளர் வெப்ப இயக்கவியல் வழியே எழுதிவிட்டார். நானோ என்ற முன்னொட்டை அறிவியல் உலகம் புழங்கத் தொடங்காத காலம். எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்களின் நடத்தையைக் காகிதத்தில் மட்டும் வைத்துச் சரியாகச் சொன்ன கணிப்பு அது. சோதித்துப் பார்க்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

சோதிப்பதில் உள்ள சிரமத்தை யோசித்துப் பாருங்கள். அணுக்களின் எண்ணிக்கை சில ஆயிரம். அது உருகியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? துகள் உருண்டையாகத்தான் இருந்தது, உருகிய பிறகும் உருண்டையாகத்தான் இருக்கும். 1954இல் ஜப்பானைச் சேர்ந்த மியெகோ தகாகி இதற்கு எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தினார். ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் ஆகிய உலோகங்களைச் சில நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களாகப் படியவைத்து, அவற்றின் ஊடே எலக்ட்ரான்களைச் செலுத்தினார். அணுக்கள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் சிதறும் எலக்ட்ரான்கள் திரையில் கூர்மையான வளையங்களை வரையும். இதுவே எலக்ட்ரான் விளிம்பு விளைவு. வரிசை குலைந்தால் வளையங்கள் மங்கி அகன்ற ஒளிப்பட்டையாகிவிடும். தகாகி சூட்டை ஏற்றிக்கொண்டே திரையைக் கவனித்தார். உலோகங்களின் வழக்கமான உருகுநிலைக்கு வெகு முன்பே வளையங்கள் மறைந்தன. பாவ்லோவின் காகிதக் கணக்குக்கு முதல் நேரடிச் சான்று கிடைத்தது.

1976இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பிலிப் புஃபாவும் ஜான் பியேர் போரெலும் தங்கத்தில் இதைத் துல்லியமாகச் செய்தார்கள். 2 நானோமீட்டர் வரை சிறிய துகள்களை எலக்ட்ரான் கற்றையால் ஆராய்ந்து, அளவு குறையக் குறைய உருகுநிலை எப்படி வளைந்து சரிகிறது என்று வரைபடமாக்கினார்கள். இன்றும் இத்துறையின் பாடநூல்களில் அந்தச் சரிவுக்கோடு இடம்பெறுகிறது. அவர்களுடைய ஆய்வில் இன்னொரு சங்கதியும் இருந்தது. தங்கள் அளவீடுகளை இரண்டு கோட்பாட்டு மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். ஒன்றில், துகள் முழுவதும் திடம் அல்லது முழுவதும் திரவம். மற்றொன்றில், உருகுவதற்கு முன்பே துகளைச் சுற்றி ஒரு மெல்லிய திரவத் தோல் உண்டாகிவிடுகிறது. இந்த இரண்டாவது மாதிரி அளவீடுகளோடு ஒத்துப்போக, தோலின் தடிமன் சுமார் 0.6 நானோமீட்டர் என்று கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு அணுத் தடிமன்.

பொருள் உருகும் முன்பே அதன் தோல் உருகிவிடுமா? இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். 1850இல் மைக்கேல் ஃபாரடே இரண்டு பனிக்கட்டிகளைத் தொடவைத்தால் அவை ஒன்றாக உறைந்து ஒட்டிக்கொள்வதைப் பற்றி ஆராய்ந்தார். பனிக்கட்டியின் பரப்பில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, இரண்டு கட்டிகளுக்கு இடையே அகப்பட்டதும் அது உறைந்துவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். உலோகத்தில் இதை நேரில் கண்டது 1985இல். நெதர்லாந்தின் யோஸ்ட் ஃப்ரென்கெனும் ஃப்ரிசோ வான் டெர் வீனும் ஈயப் படிகத்தின் பரப்பை அயனிக் கற்றையால் துழாவி, 327 டிகிரிக்கு முன்பே மேலடுக்கு அணுக்கள் ஒழுங்கு குலைந்து திரவம்போல் ஆவதையும், வெப்பநிலை ஏற ஏற அந்த அடுக்கு தடிப்பதையும் காட்டினார்கள். இதைப் பரப்பு முன்னுருகல் என்று சொல்லலாம். உள்ளே படிகம் கெட்டியாக நிற்கும்போதே தோல் இளகிவிடுகிறது.

இதனால் இன்னொரு பழைய புதிரும் விடுபடுகிறது. உருகிய உலோகத்தை அதன் உறைநிலைக்குக் கீழே குளிர்வித்தாலும் அது சில சமயம் உறையாமல் திரவமாகவே நிற்கும். இதற்கு மீக்குளிர்வு என்று பெயர். 1950களில் டேவிட் டர்ன்புல் உலோகத் திரவத்தை மிக நுண்ணிய துளிகளாகப் பிரித்து இதை ஆராய்ந்தார். ஒரு தூசியோ கசடோ உள்ளே இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு படிகம் வளரத் தொடங்கிவிடும். துளிகள் நுண்ணியவையாக இருந்தால் பெரும்பாலான துளிகளில் அப்படி எதுவும் அகப்படாது. தங்கத் துளிகளை 200 டிகிரிக்கும் மேலாகக் கீழிறக்கியும் திரவமாகவே வைத்திருக்க முடிந்தது. ஆனால் எதிர்த்திசையில் இது நடப்பதில்லை. திடப்பொருளை அதன் உருகுநிலைக்கு மேலே சூடாக்கித் திடமாகவே நிறுத்துவது மிக அரிது. காரணம், உறைவதற்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். உருகுவதற்கோ பரப்பு முழுவதுமே தொடக்கப் புள்ளி.

அப்படியானால் அந்த வெளிப்பரப்பையே இல்லாமல் செய்துவிட்டால்? 1986இல் ஹெர்பர்ட் கிளைட்டரும் அவருடைய சகாக்களும் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டார்கள். சின்னஞ்சிறு வெள்ளிக் குண்டுகளுக்குத் தங்கத்தால் மேற்பூச்சிட்டார்கள். தங்கத்தின் உருகுநிலை வெள்ளியைவிட நூறு டிகிரி அதிகம். இரண்டின் அணு இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பூச்சு உள்ளே உள்ள படிகத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். இப்போது வெள்ளியின் வெளியணுக்களுக்கு மேலே வெற்றிடம் இல்லை. கெட்டியான தங்க அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளி 962 டிகிரியைக் கடந்தது. உருகவில்லை. சுமார் 25 டிகிரி மேலே போயும் சிறிது நேரம் திடமாகவே நின்றது.

1990இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதை நானோ அளவில் செய்தார்கள். அலுமினியப் படிகத்துக்குள் ஈய அயனிகளைச் செலுத்தி, உள்ளுக்குள்ளேயே நுண்ணிய ஈயப் படிகங்கள் உருவாகும்படி செய்தார்கள். வெட்டவெளியில் இருந்திருந்தால் இவ்வளவு சிறிய ஈயத் துகள் 327 டிகிரிக்குக் கீழேயே உருகியிருக்கும். அலுமினியத்தின் அணு வரிசையோடு தன் வரிசையை ஒட்டவைத்துக்கொண்ட ஈயமோ, 327ஐத் தாண்டி 60 டிகிரிக்கும் மேலே போய்த்தான் முழுவதும் உருகியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் ஆர். கோஸ்வாமி, கே. சட்டோபாத்யாய் ஆகியோர் உலோகங்களுக்குள் பொதிந்த ஈயத் துகள்களின் உருகுதலை விரிவாக ஆராய்ந்தார்கள். இந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து ஒரு முக்கியமான உண்மையைச் சொல்கின்றன. அளவு சிறுத்தால் பரப்பின் செல்வாக்கு கூடும், அவ்வளவுதான். உருகுநிலை ஏறுமா இறங்குமா என்பதை அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டு இருப்பது எது என்பதுதான் தீர்மானிக்கிறது.

துகள் சிறுக்கும்போது உருகும் வெப்பநிலை மட்டும் மாறுவதில்லை, உருகத் தேவையான வெப்பமும் குறைகிறது. உருகுநிலையை அடைந்த பிறகும் வெப்பநிலை ஏறாமல் பொருள் உறிஞ்சிக்கொள்ளும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1996இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி ஆலனின் குழு இதை வெள்ளீயத்தில் அளந்தது. சில்லுத் தொழில்நுட்பத்தால் மிக மெல்லிய சவ்வு ஒன்றைச் செய்து, அதன்மேல் நுண்ணிய வெள்ளீயத் துகள்களைப் படியவைத்து, நொடியின் சிறு பகுதிக்குள் சூடாக்கினார்கள். மெதுவாகச் சூடாக்கினால் அந்தத் துளி வெப்பம் கசிந்து போய்விடும் என்பதால் இந்த அவசரம். மிகச் சிறிய துகள்களின் உள்ளுறை வெப்பம், கட்டி வெள்ளீயத்தின் மதிப்பில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முன்பு பார்த்த திரவத் தோலை நினைத்தால் இதன் காரணம் புரியும். துகளின் ஒரு பகுதி ஏற்கெனவே இளகியிருக்கிறது, மிச்சத்தை உருக்கினால் போதும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட துகள்கள். இன்னும் இறங்கி, அணுக்களை ஒன்று, இரண்டு என்று எண்ணும் அளவுக்குப் போனால் என்ன ஆகும்? இத்தகைய கூட்டங்களை அணுக்கொத்துகள் என்கிறோம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஹெல்முட் ஹாபர்லாண்டின் குழு சோடியத்தில் இதைச் செய்தது. 139 அணுக்கள் என்றால் சரியாக 139 அணுக்கள் உள்ள கொத்துகளை மட்டும் எடையால் பிரித்தெடுத்தார்கள். அவற்றைக் குறிப்பிட்ட வெப்பநிலையில் உள்ள ஹீலியம் வாயுவுக்குள் மிதக்கவிட்டு, அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளியை விழுங்கிய கொத்து சில அணுக்களை உதிர்க்கும். ஏற்கெனவே எவ்வளவு ஆற்றலைச் சுமந்திருந்ததோ அதற்கேற்ப உதிர்வது கூடும். வெப்பமானியைச் செருக இடமே இல்லாத ஒன்றின் உள்ளாற்றலை, உதிர்ந்த அணுக்களை எண்ணியே அளந்துவிட்டார்கள்.

விடை திகைப்பூட்டியது. கட்டி சோடியம் 98 டிகிரியில் உருகும். 139 அணுக் கொத்து உருகியது மைனஸ் 6 டிகிரியில். தண்ணீர் பனிக்கட்டியாகக் கிடக்கும் குளிரில் உலோகம் திரவமாகிறது. 1998இல் 70 முதல் 200 அணுக்கள் வரையிலான கொத்துகளை அளந்தபோது மேலும் ஒரு வியப்பு காத்திருந்தது. சராசரியாக உருகுநிலை கெல்வின் அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் கோடு சீராகச் சரியவில்லை. சில அணுக்கள் கூடினால் உருகுநிலை ஏறியது, இன்னும் சில கூடினால் இறங்கியது, ஏற்ற இறக்கம் பல பத்து டிகிரி. அணுக்கள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டு வடிவம் முழுமையடையும் எண்ணிக்கைகளோடும் இந்த ஏற்ற இறக்கம் துல்லியமாகப் பொருந்தவில்லை. பாவ்லோவின் விதி பெரிய படத்தைச் சொல்கிறது. இந்த ஆழத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் தனிக் கணக்கு.

அதே குழு 2001இல் 147 அணுக்கள் கொண்ட சோடியக் கொத்தில் இன்னும் வினோதமான ஒன்றைக் கண்டது. உருகும் கட்டத்தில் ஆற்றலைச் சேர்த்தபோது கொத்தின் வெப்பநிலை குறைந்தது. அடுப்பை ஏற்றினால் பாத்திரம் குளிர்வதுபோல் கேட்கும் இதற்கு நியாயமான காரணம் உண்டு. கட்டிப் பொருள் உருகும்போது ஒரு பாதி திடமாகவும் ஒரு பாதி திரவமாகவும் அக்கம்பக்கமாக இருக்கும். இவ்வளவு சிறிய கொத்துக்குள் அப்படி ஓர் எல்லையை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. எனவே கொத்து முழுவதும் ஒன்றாக இளக முயல்கிறது. பிணைப்புகளைத் தளர்த்த ஆற்றல் போதாத இடத்தில், அணுக்களின் அசைவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அசைவு குறைந்தால் வெப்பநிலை குறையும். எங்கும் ஆற்றல் தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

சிறுத்தால் உருகுநிலை இறங்கும் என்று மனம் ஒப்புக்கொண்ட வேளையில் காலியம் வந்து நின்றது. கட்டி காலியம் 30 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். உள்ளங்கையில் வைத்தால் போதும். பரப்புக் கணக்கின்படி அதன் கொத்துகள் கடுங்குளிரிலும் திரவமாக இருக்க வேண்டும். 2003இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஜாரல்டின் குழு 39, 40 அணுக்கள் கொண்ட காலியக் கொத்துகளை அளந்தது. அவை உருகியது சுமார் 277 டிகிரியில். 17 அணுக் கொத்தோ, 440 டிகிரியைத் தாண்டியும் உருகும் அறிகுறியையே காட்டவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வெள்ளீயத்திலும் இதே குழு இப்படி ஒன்றைக் கண்டிருந்தது. 10 முதல் 30 அணுக்கள் கொண்ட வெள்ளீயக் கொத்துகள் நீள்வடிவானவை. உருகினால் உருண்டையாகிவிடும். கட்டி வெள்ளீயத்தின் உருகுநிலைக்குச் சுமார் 50 டிகிரி மேலேயும் அவை நீளமாகவே இருந்தன.

இதற்கு விளக்கம் கொடுத்தவர்களில் புனே பல்கலைக்கழகத்தின் டி. ஜி. கான்ஹெரேயின் குழு முக்கியமானது. 2004இல் அவர்கள் கணினியில் காலியக் கொத்துகளை அணு அணுவாகச் சூடாக்கிப் பார்த்தார்கள். கட்டி காலியத்தில் பெரும்பாலான பிணைப்புகள் உலோகப் பிணைப்புகள். அதாவது, எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவாகப் பரவியிருக்கும். சிறு கொத்துகளில் அவை அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே நிலைத்து நிற்கும் சகப்பிணைப்புகளாக மாறிவிடுகின்றன. இவை வலுவானவை, திசை மாறாதவை. ஆகவே அணுக்கள் பரப்பில் இருந்தாலும் எளிதில் நழுவ முடிவதில்லை. அளவு குறைந்ததில் பிணைப்பின் தன்மையே மாறிவிட்டது. பெயரில் அதே காலியம், உள்ளே வேறொரு பொருள்.

இவ்வளவு சிறியவற்றில் திடம் என்பதற்கும் வரையறை நெகிழ்கிறது. 1986இல் ஜப்பானின் சுமியோ இஜிமாவும் டோஷினாரி இசிஹாஷியும் 2 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணொளியாகப் பதிந்தார்கள். அது ஓரிடத்தில் ஓர் உருவத்தில் நிற்கவில்லை. ஒரு கணம் ஒற்றைப் படிகம், அடுத்த கணம் இரண்டு படிகங்கள் ஒட்டிய வடிவம், பிறகு இருபது முகமுள்ள உருவம். ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் வரிசையாகவே தெரிந்தன. வரிசைதான் மாறிக்கொண்டே இருந்தது. திடம் என்றும் திரவம் என்றும் நாம் போட்ட கோடு, கோடானுகோடி அணுக்கள் சேர்ந்து நடக்கும்போது தெளிவாகத் தெரிகிற கோடு. சில நூறு அணுக்களிடம் அந்தத் தெளிவைக் கேட்க முடியாது.

ஆய்வகத்தின் இந்த வியப்புகளைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. வெள்ளி நானோ துகள்களைத் திரவத்தில் கலந்து மையாக்கி, நெகிழிப் படலத்தின்மேல் மின்சுற்றாகவே அச்சிட முடிகிறது. துகள்கள் பாட்டிலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றையும் கரிம மூலக்கூறுகளால் போர்த்திவைப்பார்கள். அச்சிட்ட பிறகு சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் போர்வை கழன்றுவிடும். பரப்பு அணுக்கள் நகர்ந்து துகள்களுக்கு இடையே கழுத்துபோல் பாலமிட, எல்லாம் சேர்ந்து ஒரே கம்பியாகிவிடும். இதில் துகள் முழுவதும் உருக வேண்டியதில்லை, தோல் இளகி ஒட்டினால் போதும். வெள்ளியை உருக்க 962 டிகிரி வேண்டும் என்ற நிலை மாறாதிருந்தால் நெகிழிப் படலம் எப்போதோ கருகியிருக்கும்.

இதைவிடச் சாமர்த்தியமான பயன் மின்கார்களின் உள்ளே இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சில்லுகள் கடுமையாகச் சூடேறும். வழக்கமான ஈயமில்லாப் பற்றாசு 220 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால் அங்கே அது தாக்குப்பிடிப்பது கடினம். அதற்கு மாற்றாக, மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் கொண்ட பசையைச் சில்லுக்கு அடியில் தடவி 200 முதல் 250 டிகிரியில் அழுத்துகிறார்கள். துகள்கள் இணைந்து ஒரே வெள்ளிப் படலமாகின்றன. இணைந்த கணமே அவை நானோ துகள்கள் இல்லை, கட்டி வெள்ளி. அதன் உருகுநிலை இப்போது 962 டிகிரி. 250 டிகிரியில் ஒட்டிய இணைப்பை உருக்கிப் பிரிக்க, அதைவிட 700 டிகிரிக்கும் அதிகமான வெப்பநிலை வேண்டும். சாதாரணப் பற்றாசால் கனவிலும் முடியாத காரியம் இது.

இதே குணம் சில இடங்களில் எதிரியாகவும் நிற்கிறது. கார்களின் புகைபோக்கியில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிகளில் பிளாட்டினம், பல்லாடியம் போன்ற உலோகங்கள் சில நானோமீட்டர் துகள்களாகப் பரவியிருக்கின்றன. பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 டிகிரி. புகைபோக்கி அந்தச் சூட்டின் பக்கத்தில்கூட வருவதில்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்கான சூட்டில் பரப்பு அணுக்கள் ஊர்ந்து, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடுகின்றன. பரப்பு சுருங்க, வினையூக்கியும் வலுவிழக்கிறது. வெள்ளிப் பசையில் நாம் விரும்பி வரவழைக்கும் அதே நகர்வை, இங்கே துகள்களைப் பீங்கான் தாங்கியோடு பிணைத்துத் தடுக்கப் பாடுபடுகிறார்கள்.

ஓர் உலோகம் எப்போது உருகும் என்று கேட்டால் இனி மூன்று எதிர்க்கேள்விகள் கேட்க வேண்டும்: எத்தனை நானோமீட்டர், எதனால் சூழப்பட்டது, எத்தனை அணுக்கள்? உலோகத்தின் பெயரோடு இந்த மூன்றும் சேர்ந்தால்தான் விடை முழுமையாகிறது. பொறியாளர்களுக்கு இது பெரிய சுதந்திரம். முன்பெல்லாம் வேறொரு வெப்பநிலை வேண்டுமானால் வேறு உலோகத்தைத் தேட வேண்டும், அல்லது கலவை செய்ய வேண்டும். இன்று அதே உலோகத்தை வைத்துக்கொண்டு, அதன் அளவையும் பரப்பையும் மாற்றியே வேண்டிய வெப்பநிலையை வரவழைக்க முடிகிறது.